கடைசி வரிசைக்குப் பின்னால் போட்ட நாற்காலி

முதல்வர் அவர்களுக்கும், பயிற்சிப் பள்ளி ஒதுக்கீட்டுக் குழுவில் இருக்கும் பேராசிரியர்களுக்கும்,

இரண்டாம் ஆண்டு பி.எட். மாணவ ஆசிரியர்களை இனிமேல் கல்லூரியிலிருந்து 15 கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளிகளுக்கு மட்டுமே கற்பித்தல் பயிற்சிக்கு அனுப்புவது என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டிய சுற்றறிக்கையைப் படமெடுத்து, எனக்கு அடுத்த செட்டில் படிக்கும் ஒருத்தி அனுப்பினாள். மூன்று காரணங்கள் சொல்லியிருக்கிறீர்கள். கிராமப் பள்ளிகளுக்குப் போக்குவரத்து வசதி போதாது, பெண் மாணவ ஆசிரியர்களின் பாதுகாப்பு, மூன்றாவதாக "சென்ற ஆண்டு பயிற்சி பெற்றவர்கள் கருத்துப் படிவத்தில் தெரிவித்த சிரமங்கள்". முதல் இரண்டும் நான் எதிர்பார்த்தவைதான். மூன்றாவதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அந்தப் படிவங்களில் ஒன்று நான் எழுதியது.

நான் எழுதியது என்னவென்று மறந்திருந்தால் நினைவூட்டுகிறேன். 16 வாரத்தில் கல்லூரியிலிருந்து ஒருவர்கூட வந்து என் வகுப்பைப் பார்க்கவில்லை என்று எழுதினேன். கணக்குப் பாடத்துக்கு வழிகாட்டி ஆசிரியர் இல்லாத பள்ளியில் என்னைக் கணக்குப் பயிற்சிக்குப் போட்டிருந்தீர்கள் என்று எழுதினேன். பள்ளி தூரமாக இருக்கிறது, இனி யாரையும் அங்கே அனுப்பாதீர்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. நீங்கள் வரவில்லை என்று புகார் சொன்னால், நாங்கள் போகவே வேண்டாம் என்று தீர்ப்பு வந்திருக்கிறது.

எனக்குக் கிடைத்தது ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. எட்டாம் வகுப்பு வரை. தலைமை ஆசிரியரையும் சேர்த்து ஐந்து பேர். கணிதப் பட்டதாரி ஆசிரியர் பணியிடம் காலி. முதல் நாள் பிரேயரில் தலைமை ஆசிரியர் என்னைப் பக்கத்தில் நிறுத்தி, "கணக்கு டீச்சர் வந்தாச்சு" என்று அறிவித்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். பிறகு அவர் அறையில், "மேடம், நான் பயிற்சிக்குத்தான் வந்திருக்கேன்" என்றேன். "அது பசங்களுக்குத் தெரிய வேண்டாம்மா" என்றார். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு அறிவியலும் கணக்கும் நடத்த ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும் என்கிறது. அது 2009இல் வந்த சட்டம். அந்தப் பிள்ளைகளுக்கு அந்த ஆண்டு சட்டம் நான்தான். 16 வாரச் சட்டம்.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஐந்து பேரில் ஒருவர் வாக்காளர் பட்டியல் வேலைக்குப் போய்விடுவார், ஒருவர் வட்டார வள மையத்தில் பயிற்சியில் இருப்பார், மூன்று பேர் எட்டு வகுப்பைப் பார்க்க வேண்டும். அப்படி ஒரு பள்ளிக்கு இளைஞி ஒருத்தி கையில் சார்ட்டோடு வந்து நின்றால் அவர் வேறு என்ன செய்வார்? ஆனால் உங்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்ள ஒரே ஒரு முறை வந்திருந்தால் போதும்.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014இல் வெளியிட்ட விதிமுறைகள் எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதன்படிதான் 2015-16 முதல் பி.எட். இரண்டாண்டானது. பள்ளியில் 20 வாரம், அதில் முதலாண்டில் 4, இரண்டாமாண்டில் 16. அதற்கு முன் ஆசிரியர் கல்வியை ஆராய்ந்து 2012இல் அறிக்கை தந்த நீதிபதி வர்மா ஆணையமும் ஆசிரியர் படிப்பின் காலத்தை நீட்டச் சொல்லியிருந்தது. இந்த விதிகளில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, பயிற்சிக் காலத்தில் 90 சதவீத வருகை. இன்னொன்று, தொடக்கத்தில் ஒரு வாரம் பணியில் இருக்கும் ஆசிரியரின் வகுப்பை உட்கார்ந்து கவனிப்பது, பிறகு எங்கள் வகுப்புகளைச் சக மாணவரும் பள்ளி ஆசிரியரும் கல்லூரிப் பேராசிரியரும் வந்து கவனிப்பது. முதலாவதை நீங்கள் எங்களிடம் கையெழுத்துக் கையெழுத்தாக எண்ணி வாங்கினீர்கள். தங்கைக்குக் காய்ச்சல் என்று நான் எடுத்த ஒரு நாள் விடுப்புக்குக்கூடக் கடிதம் கேட்டீர்கள். இரண்டாவதை எண்ணுவதற்கு யாரும் இல்லை.

அந்தக் கவனிப்பு வாரத்தில் எனக்குப் பார்க்கக் கணக்கு வகுப்பே இல்லை. தமிழாசிரியரின் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். அது வீண் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் ஒரு கேள்வி கேட்பார். கேட்டுவிட்டு ஜன்னல் வரை நடந்து போய்த் திரும்புவார். அதுவரை யாரையும் எழுப்ப மாட்டார். திரும்பி வரும்போது நாலைந்து கை கூடுதலாகத் தூக்கியிருக்கும். கேள்விக்குப் பின் காத்திருக்க வேண்டும் என்று நாம் ஒரு தாளில் படித்துத் தேர்வும் எழுதினோம். அது ஜன்னல் வரை நடக்கிற தூரம் என்பதை அந்தப் பள்ளியில்தான் தெரிந்துகொண்டேன். கிராமப் பள்ளியில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்ற எண்ணம் உங்கள் சுற்றறிக்கையின் வரிகளுக்கு நடுவே இருக்கிறது. அதை மறுக்க எனக்கு அந்த ஒரு வாரம் போதும்.

ஆனால் கணக்கை எப்படி நடத்துவது என்று சொல்ல யாருமில்லை. கல்லூரியில் நாங்கள் செய்தது நுண்ணிலைக் கற்பித்தல். வகுப்புத் தோழர்கள் எட்டுப் பேர் மாணவர்களாக உட்காருவார்கள், ஏழெட்டு நிமிடம் பாடம், முடிந்ததும் நீங்கள் குறை சொல்வீர்கள். நல்ல பயிற்சிதான். ஆனால் ஒரு குறை உண்டு. அந்த எட்டுப் பேரும் பட்டதாரிகள். ஓராண்டில் அவர்களில் ஒருவர்கூட எனக்குத் தவறான விடை சொன்னதில்லை.

நான் கேட்ட முதல் தவறான விடையை இங்கே எழுத வேண்டும். ஏழாம் வகுப்பு. பாதியோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டச் சொல்லியிருந்தேன். நோட்டைப் பார்த்துக்கொண்டே போனால் பாதிப் பேர் ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தார்கள். மேலே உள்ளதை மேலே உள்ளதோடும், கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டிவிட்டார்கள். எல்லா ஊர்ப் பிள்ளைகளும் செய்யும் தவறு. "தப்பு" என்று சொல்லி, மீச்சிறு பொது மடங்கு 6 எடுத்து, ஆறில் மூன்று, ஆறில் இரண்டு, மொத்தம் ஆறில் ஐந்து என்று பலகையில் எழுதினேன். எல்லாரும் அமைதியாக எழுதிக்கொண்டார்கள். இரண்டாம் வரிசையில் ஒரு பெண் மட்டும் எழுந்து, "டீச்சர், முதல் டெஸ்ட்ல ரெண்டு மார்க்குக்கு ஒண்ணு எடுத்தேன். அடுத்த டெஸ்ட்ல மூணு மார்க்குக்கு ஒண்ணு. மொத்தம் அஞ்சுக்கு ரெண்டுதானே?" என்றாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அவள் சொன்னது சரி. மதிப்பெண்ணை அப்படித்தான் கூட்டுகிறோம், நீங்களும் என் உள்மதிப்பீட்டை அப்படித்தான் கூட்டினீர்கள். "அது வேற, இது வேற. உட்காரு" என்றேன். அவள் உட்கார்ந்தாள். அந்த உட்காருதல் என்னை விடவில்லை.

விடை கிடைக்க எட்டு நாள் ஆயிற்று, அதுவும் பஸ்ஸில். இரண்டு மதிப்பெண் தேர்வும் மூன்று மதிப்பெண் தேர்வும் இரண்டு வெவ்வேறு முழுமைகள். அவற்றைச் சேர்த்தால் ஐந்து மதிப்பெண் கொண்ட புதிய முழுமை ஒன்று பிறக்கிறது. பின்னக் கூட்டலில் முழுமை ஒன்றேதான், அது மாறக் கூடாது. அதைவிட எளிதான கேள்வி ஒன்று இருந்தது. ஐந்தில் இரண்டு பாதியைவிடக் குறைவு. பாதியோடு இன்னொன்றைச் சேர்த்தால் பாதியைவிடக் குறையுமா? அன்றே இதைத் திருப்பிக் கேட்டிருந்தால் வகுப்பே விழுந்து சிரித்துத் தன்னைத் திருத்திக்கொண்டிருக்கும். மறுநாள் ஒரே நீளத்தில் காகிதப் பட்டைகள் வெட்டி எடுத்துப் போய், மடித்துக் காட்டி, அவளையே பலகைக்குக் கூப்பிட்டுச் செய்ய வைத்தேன். அவள் மன்னித்துவிட்டாள். ஏழாம் வகுப்பில் மன்னிப்பு சுலபமாகக் கிடைக்கிறது.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், 20 ஆண்டு கணக்கு நடத்திய ஒருவர் அன்று அந்த அறையில் இருந்திருந்தால் இது எட்டு நாள் விஷயமில்லை, இடைவேளை நேரத்து விஷயம். அந்தத் தவறையாவது அவள் கேட்டதால் நான் பிடித்தேன். யாரும் எழுந்து கேட்காமல் எழுதிக்கொண்டு போன தவறுகள் எத்தனை என்று எனக்குத் தெரிய வழியே இல்லை. பாடம் நடத்துகிறவளுக்குத் தன் முதுகு தெரியாது. அதற்காகத்தான் பின்னால் ஒருவர் உட்கார வேண்டும் என்று விதி எழுதினார்கள்.

உட்கார இடம்கூடத் தயாராக இருந்தது. "எங்க மேடம் வகுப்பைப் பார்க்க வருவாங்க" என்று முதல் வாரமே சொல்லியிருந்ததால், தலைமை ஆசிரியர் தன் அறையிலிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து கடைசி வரிசைக்குப் பின்னால் போடச் சொன்னார். மூன்றாவது வாரம் அதன் மேல் பைகள் ஏறின. ஆறாவது வாரம் ஒரு பையன், "டீச்சர், இந்தச் சேர் யாருக்கு?" என்று கேட்டான். கடைசி மாதம் பலகைக்கு மேலே சார்ட் மாட்ட ஏறி நிற்பதற்கு அது பயன்பட்டது. நல்ல உறுதியான நாற்காலி.

பயிற்சி முடிந்து என் ரெக்கார்டுகளை ஒப்படைத்தேன். பாடக்குறிப்புகள், கவனிப்புப் பதிவு, தனியாள் ஆய்வு, செயலாய்வு எல்லாம் பைண்டு செய்து அடுக்கினேன். கற்பித்தல் திறனுக்கு மதிப்பெண் வந்தது. நல்ல மதிப்பெண்தான், குறை சொல்ல முடியாது. பார்க்காத வகுப்புக்கு எதை வைத்துப் போட்டீர்கள் என்று மட்டும் தெரியவில்லை. பைண்டிங் அழகாக இருந்திருக்கலாம்.

இனி பாதுகாப்புக்கு வருகிறேன். எங்களைப் பற்றிய அக்கறையாக இதை எழுதியிருக்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். சிரமம் இருந்தது. மாலை பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான். இரண்டு முறை தவறவிட்டேன், இரண்டு முறையும் தமிழாசிரியர்தான் தன் ஸ்கூட்டரில் மெயின் ரோடு வரை கொண்டுவந்து விட்டார். ஆசிரியைகளுக்கான கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. வாசலில் ஒருவர் நிற்க ஒருவர் போவோம். இதையெல்லாம் நான் மறைக்கவில்லை. ஆனால் இதற்கு மருந்து என்ன? ஒதுக்குவதற்கு முன் ஒருவர் போய் பஸ் நேரத்தையும் கழிப்பறையையும் பார்த்துவிட்டு வருவது. தனியாக அனுப்பாமல் இரண்டு பேராக அனுப்புவது. எங்களில் ஒருவரிடமும் கேட்காமல், பாதுகாப்பு என்ற ஒரு சொல்லை வைத்து எங்களை வீட்டுப் பக்கமாகத் திருப்பி அனுப்புவது மருந்தில்லை. அதே பள்ளியில் இரண்டு ஆசிரியைகள் ஆண்டு முழுவதும் அதே பஸ்ஸில்தான் வந்து போகிறார்கள். நாளை எங்களில் ஒருத்தி ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்வில் தேறிக் கலந்தாய்வுக்குப் போனால், அங்கே 15 கிலோமீட்டர் வட்டம் வரைந்து யாரும் இடம் தரப் போவதில்லை. அன்று முதல்முறையாக அப்படி ஒரு பள்ளியைப் பார்க்கிறவளாக அவள் இருக்க வேண்டுமா?

நகரப் பள்ளிகளில் என்ன நடக்கிறது என்பதையும் என் தோழி வழியாக அறிவேன். அவளுக்கு கல்லூரிக்கு மிக அருகில், பெரிய மேல்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்தது. நாங்கள் பொறாமைப்பட்டோம். அதே பள்ளிக்கு வேறு இரண்டு கல்லூரிகளிலிருந்தும் மாணவ ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். ஒரே வகுப்புக்கு நான்கு பேர். வாரத்துக்கு இரண்டு பாடவேளை கிடைத்தாலே பெரிது. பத்தாம் வகுப்பைத் தொடவே விடவில்லை, ரிசல்ட் போய்விடும் என்று. மீதி நேரமெல்லாம் விடைத்தாள் கட்டுவது, தேர்வு அறையில் நிற்பது, நூலகத்தில் உட்கார்ந்து ரெக்கார்டு எழுதுவது. அவள் வகுப்பையும் நீங்கள் ஒரே ஒரு முறைதான் பார்த்தீர்கள். அவ்வளவு பக்கத்திலிருந்தும்! தூரம்தான் தடை என்றால் அது எப்படி? இப்போது மொத்தச் செட்டையும் அந்த வட்டத்துக்குள் தள்ளினால் ஒரு வகுப்புக்கு நான்கு பேர் ஆறு பேராவார்கள்.

எங்களால் எல்லாப் பள்ளிக்கும் வர முடியாது, ஆளில்லை என்று நீங்கள் சொல்லக் கூடும். கணக்கு படித்தவள் என்பதால் போட்டுப் பார்த்தேன். ஆண்டுக்கு 100 இடங்கள் உள்ள கல்லூரிக்கு 16 முழுநேரப் பேராசிரியர்கள் இருக்க வேண்டும் என்பது 2014 விதிமுறை. இரண்டாமாண்டில் 100 பேர் என்றால் ஒருவர் பொறுப்பில் ஆறு அல்லது ஏழு பேர். இரண்டிரண்டு பேராக அனுப்பினால் நான்கு பள்ளி. ஒவ்வொரு பள்ளிக்கும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போனால் வாரத்துக்கு இரண்டு பயணம். முதலாண்டு வகுப்புகளையும் நடத்திக்கொண்டு இது செய்ய முடியாததல்ல. கல்லூரியில் 16 பேர் இல்லை என்றால் அது வேறு பிரச்சினை. அதற்கு விலை அந்த ஏழாம் வகுப்பு கொடுக்கக் கூடாது.

இன்னொன்று. கிராமப் பள்ளிகளுக்கு எங்களை அனுப்பச் சொல்வதால், காலிப் பணியிடத்தை எங்களை வைத்து நிரப்பிக்கொள்ளலாம் என்று பொருளில்லை. கடைசி நாளன்று அந்தப் பெண், "அடுத்த வாரம் கணக்குக்கு யாரு வருவாங்க டீச்சர்?" என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் கல்வித் துறையில் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தனியாக எழுதுவேன். உங்கள் பொறுப்பு நாங்கள்.

ஆகவே நான் கேட்பவை இவை. 15 கிலோமீட்டர் வரம்பைத் திரும்பப் பெறுங்கள். ஒவ்வொரு மாணவ ஆசிரியரின் வகுப்பையும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது அந்தப் பாடத்தின் பேராசிரியர் முழுப் பாடவேளையும் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அன்றே பேச வேண்டும், பார்த்த தேதியை ரெக்கார்டில் தன் கையால் எழுத வேண்டும். அப்படித் தேதி இல்லாத இடத்தில் கற்பித்தல் திறனுக்கு மதிப்பெண் போடாதீர்கள், என்னுடையதையும் சேர்த்தே சொல்கிறேன். பாட ஆசிரியர் இல்லாத பள்ளிக்கு அனுப்புவதென்றால், வாரத்தில் ஒரு நாள் பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் அந்தப் பாட ஆசிரியரிடம் உட்கார ஏற்பாடு செய்து, அதை ஒதுக்கீட்டு ஆணையிலேயே எழுதிக் கொடுங்கள். எந்தப் பள்ளிக்கும் தனியாக ஒருவரை அனுப்பாதீர்கள். பஸ் நேரம், கழிப்பறை இரண்டையும் நேரில் பார்த்த பிறகே பட்டியலில் சேருங்கள். மாணவ ஆசிரியர் மட்டும் தனியாக வகுப்பை வைத்துக்கொள்ளும் பாடவேளைகள் வாரத்துக்கு எத்தனை வரை என்று தலைமை ஆசிரியருக்கு நீங்களே கடிதம் எழுதுங்கள். "வேண்டாம் மேடம்" என்று சொல்லும் பலம் பயிற்சிக்கு வந்தவளுக்குக் கிடையாது.

கடைசியாக, உங்கள் சுற்றறிக்கையின் மூன்றாவது காரணத்தை நீக்குங்கள். நீக்க முடியாதென்றால், கருத்துப் படிவங்களைப் பெயரை மறைத்து அதே அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். நாங்கள் எழுதியது என்ன, நீங்கள் படித்தது என்ன என்று இரண்டாமாண்டுக்குப் போகிறவர்களே பார்த்துக்கொள்ளட்டும். ஒதுக்கீட்டுப் பட்டியல் வெளிவருவதற்கு முன் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
சென்ற ஆண்டு கணிதப் பிரிவில் பயிற்சி முடித்த முன்னாள் மாணவ ஆசிரியை